ஒரே பாட்டிலுக்கு இரண்டு கணக்கு

1. நூல் கட்டிய பாட்டில்

வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே ஒரு மாம்பழ ஜூஸ் பாட்டில் எனக்குப் பாடம் எடுத்தது. அதைச் சொல்வதற்கு முன் நான் யார் என்று சொல்லிவிடுகிறேன்.

நான் ஸ்ரீராம்புரத்தில் பிறந்து வளர்ந்தவள். வீட்டுக்குள் தமிழ், வாசற்படி தாண்டினால் கன்னடம், மளிகைக் கடையில் உருது கலந்த இரண்டும் என்று வளர்ந்த காது என்னுடையது. பீன்யாவில் ஒரு கூல்டிரிங்க்ஸ் தொழிற்சாலையில் எம்ப்டீஸ் செக்ஷனில் ரொம்ப வருடம் இருந்தேன். லாரியில் திரும்பி வரும் காலிப் பாட்டில்களில் உடைந்தது, விரிசல் விட்டது, வேறு கம்பெனிக்காரனுடையது என்று பிரிக்கிற வேலை. எனக்கு மாப்பிள்ளை பார்த்தபோது தரகர், "பொண்ணு எம்ப்டீஸ்ல இருக்குது" என்று சொல்லியிருக்கிறார். மாப்பிள்ளை வீட்டார் அது ஏதோ பெரிய பதவி என்று நினைத்துச் சரி சொல்லிவிட்டார்கள். உண்மை தெரிவதற்குள் தாலி ஏறிவிட்டது.

தொழிற்சாலையில் வி.ஆர்.எஸ். வாங்கிய பிறகு, சில சோடா, ஜூஸ் கம்பெனிகள் கூட்டாக ஆரம்பித்த ரீஃபண்ட் அலுவலகத்தில் வெரிஃபிகேஷன் ஆபீசராகச் சேர்ந்தேன். திட்டம் எளிமையானது. பாட்டில் வாங்கும்போது விலையோடு ஒரு சிறு தொகையை டெபாசிட்டாகக் கட்டுகிறீர்கள். காலிப் பாட்டிலைச் சென்டரில் கொடுத்தால் அந்தத் தொகை திரும்ப வரும். பாட்டிலும் சாக்கடையில் கிடக்காமல் தொழிற்சாலைக்குத் திரும்பும். ஆனால் காலிப் பாட்டிலுக்குக் காசு உண்டு என்று ஊரில் தெரிந்துவிட்டால், இல்லாத பாட்டிலுக்கும் காசு கேட்க நாலு பேர் வருவார்கள். அந்த நாலு பேரைப் பிடிப்பது என் வேலை. சுருக்கமாகச் சொன்னால், சந்தேகப்படுவதற்குச் சம்பளம். இத்தனை வருஷம் வீட்டில் இலவசமாகச் செய்ததற்கு இப்போது காசு தருகிறார்களா என்று என் வீட்டுக்காரர் கேட்டார்.

முதல் நாள் என்னை ஒரு ஷாப்பிங் மாலுக்கு அனுப்பினார்கள். அங்கே சோதனைக்காக ஒரு மெஷின் வைத்திருந்தார்கள். அதன் வாயில் பாட்டிலைப் போட்டால் பில் வரும். பில்லைப் பக்கத்துக் கவுன்டரில் காட்டினால் காசு. மெஷின் முன்னால் கல்லூரிப் பையன் ஒருவன் நின்று பவ்யமாகப் பாட்டில் போட்டுக்கொண்டிருந்தான். திரையில் நம்பர் ஏறிக்கொண்டே இருந்தது. அவன் காலடியில் பையைக் காணோம், கூடையைக் காணோம். இத்தனை பாட்டிலை எங்கிருந்து எடுக்கிறான் என்று எனக்குப் புரியவில்லை. சாவி போட்டு மெஷினின் பின்கதவைத் திறந்தேன். உள்ளே பாட்டிலே இல்லை. காற்றில் ஒரு மாம்பழ ஜூஸ் பாட்டில் மட்டும் தொங்கிக்கொண்டிருந்தது.

அதன் கழுத்தில் தூண்டில் நரம்பு கட்டியிருந்தான். உள்ளே விடுவது, மெஷின் எண்ணியதும் இழுப்பது, மறுபடி விடுவது. கிணற்றில் தண்ணீர் இறைப்பது மாதிரி இறைத்திருக்கிறான். என்னைப் பார்த்ததும் ஓடுவான் என்று நினைத்தேன். ஓடவில்லை. தலையைச் சொறிந்துகொண்டு சிரித்தான்.

"ஆன்ட்டி, உள்ள ஒரு கதவு வைங்க. பாட்டில் விழுந்ததும் மூடிக்கணும். அப்பத்தான் நூலு திரும்பி வராது."

அப்படியே வைத்தோம். இன்றைக்கும் அந்த மெஷின்களில் அந்தக் கதவு இருக்கிறது. பில்லைக் கிழித்துப்போட்டேன், காசு கிடையாது என்றேன், ஆனால் யோசனைக்குக் கூலியாக ஒரு ஜூஸ் வாங்கிக் கொடுத்தேன். குடித்து முடித்து அந்தப் பாட்டிலை நூல் கட்டாமல் மெஷினில் போட்டுவிட்டுப் போனான். இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது அதுதான். திரையில் வரும் நம்பரை மட்டும் நம்பாதீர்கள், மெஷினின் வயிற்றையும் திறந்து பாருங்கள்.

2. எறும்புகள் சொன்ன சாட்சி

பிளாஸ்டிக் பாட்டிலில் ஒரு வசதி உண்டு. எண்ணி, அந்தக் கதவு மூடியதும் மெஷினே அதை நசுக்கிவிடும். நசுங்கின பாட்டில் இரண்டாம் முறை வராது. கண்ணாடிப் பாட்டிலை நசுக்க முடியாது. அது கழுவப்பட்டு மறுபடி சோடாவாகப் போக வேண்டிய பாட்டில். அதனால் எண்ணின பாட்டிலும் எண்ணாத பாட்டிலும் பார்வைக்கு ஒன்றுதான். எங்கள் தொழிலின் தலைவலி முழுவதும் இந்த ஒரு விஷயத்தில் இருக்கிறது.

எண்ணுவது ஒரு பக்கம் இருக்க, லேபிள் இன்னொரு தலைவலி. டெபாசிட் கட்டிய பாட்டிலில் மட்டும் ஒரு சின்னப் பச்சை லேபிள் இருக்கும். வெளியூரில் விற்ற பாட்டிலில் அது இருக்காது. ஒரு குஜிரிக் கடைக்காரர், அதாவது பழைய சாமான் வியாபாரி, வெளியூர்ப் பாட்டில்களை வாங்கி, லேபிளைக் கலர் ஜெராக்ஸ் எடுத்து ஒட்டி, எங்கள் தலையில் கட்டிக்கொண்டிருந்தார். நிறம் சரி, அளவு சரி, எழுத்து சரி. பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தும் வித்தியாசம் தெரியவில்லை.

காட்டிக்கொடுத்தது எறும்பு. காலிப் பாட்டிலுக்கு எறும்பு வருவது சகஜம். ஆனால் ஒழுங்கான எறும்பு பாட்டிலின் வாய்க்குத்தான் போகும், சர்க்கரை அங்கேதான் இருக்கிறது. இவருடைய பாட்டில்களில் எறும்புகள் வாயை விட்டுவிட்டு லேபிளைச் சுற்றி ஊர்வலம் போயின. சுரண்டிப் பார்த்தேன். மைதாப் பசை. சினிமா போஸ்டர் ஒட்டுகிற அதே பசை. கம்பெனிப் பசையை எந்த எறும்பும் சீந்தாது.

கடைக்காரரைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் எறும்புகளைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "துரோகிங்க" என்றார். என்னைச் சொல்லவில்லை, எறும்புகளைத்தான். அதற்கு மேல் ஒரு வார்த்தை வாதாடவில்லை, சாக்குகளை வண்டியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்.

இப்படிக் கள்ளர்களோடேயே பழகினால் கண் ஒரு மாதிரி ஆகிவிடும். எதைப் பார்த்தாலும் இதில் என்ன தில்லுமுல்லு என்றுதான் தோன்றும். எங்கள் வீட்டில் தேங்காய் மூடி ஒன்று குறைந்தாலும் விசாரணைக் கமிஷன் உட்காரும். அந்தக் கண்ணோடுதான் நான் நீலசந்திராவுக்குப் போனேன்.

3. நீலசந்திராவில் பாட்டில் பெருகுகிறது

நீலசந்திராவில் ஒரு கண்ணாடிப் பாட்டில் சென்டர் புதிதாகத் திறந்து ஒரு மாதம் ஆகியிருந்தது. எடுத்து நடத்தியவர் சாவித்ரம்மா. மண்டியா பக்கத்துக்காரர், கன்னடம்தான் பேசுவார். ஐ.டி. கம்பெனி ஒன்றில் ஹவுஸ்கீப்பிங் சூப்பர்வைசராக இருந்து, இனிமேல் யாருக்கும் சலாம் போட வேண்டாம் என்று வேலையை விட்டு, வந்த பி.எஃப். பணம் முழுவதையும் எங்கள் அலுவலகத்தில் ஜாமீனாகக் கட்டிச் சென்டரை வாங்கியிருந்தார். சென்டரில் மோசடி என்று நிரூபணமானால் சென்டரும் போகும், ஜாமீன் பணமும் போகும். ஒப்பந்தத்தில் அப்படித்தான் இருக்கிறது.

ஒரு வியாழக்கிழமை என் மேனேஜர் கார்த்திக் கூப்பிட்டார். கோயமுத்தூர்க்காரர், பெங்களூருக்கு வந்து இரண்டு வருடம், கன்னடம் இன்னும் பிடிபடவில்லை. நல்ல மனுஷர், ஆனால் கம்ப்யூட்டரில் சிவப்பாக ஏதாவது தெரிந்தால் அவருக்குச் சாப்பாடு இறங்காது. அன்றைக்கு நீலசந்திரா சிவப்பாக இருந்தது.

விஷயம் இதுதான். சென்டரில் மெஷின் எண்ணுகிற பாட்டில் கணக்கு நேராக எங்களுக்கு வரும். அதே பாட்டில்கள் லாரியில் வாஷிங் பிளான்ட்டுக்குப் போகும்போது அங்கேயும் எண்ணுவார்கள். இரண்டும் பொருந்த வேண்டும். நீலசந்திராவில் மெஷின் எண்ணியது எப்போதும் அதிகம், பிளான்ட்டுக்குப் போய்ச் சேர்ந்தது குறைவு. மெஷின் கணக்குப்படிதான் சாவித்ரம்மாவுக்கு மாதக் கடைசியில் பணம் போகும். முதல் பணம் இன்னும் போகவில்லை.

"ஏனுங்க மேடம், ஒரே பாட்டில மறுக்கா மறுக்கா ஓட்டறாங்கங்க. வேற என்னங்க இருக்க முடியும்? திங்கக்கிழமை கமிட்டி. க்ளோஸ் பண்ணச் சொல்லி எழுதியாச்சு. நீங்க போயி எப்படிப் பண்றாங்கன்னு மட்டும் பாத்துட்டு வந்துருங்க."

வெள்ளிக்கிழமை மதியம் போய் இறங்கினேன். சின்ன ஷெட். நடுவில் ஆள் உயரத்துக்கு மெஷின். இந்தப் பக்கம் தெருவைப் பார்த்த முனையில் பாட்டில் உள்ளே போகும், அந்தப் பக்க முனையில் வெளியே வரும். ஒரு முனையில் நிற்பவருக்கு மறுமுனை தெரியாது. ஓடும்போது கடகடவென்று அப்படி ஒரு சத்தம், பேசினால் கேட்காது, கத்தினால்தான் கேட்கும்.

சாவித்ரம்மாவிடம் விஷயத்தை மறைக்க எனக்குப் பிடிக்கவில்லை. கணக்கு இடிக்கிறது, திங்கட்கிழமை சென்டரை மூடப்போகிறார்கள் என்று கன்னடத்தில் சொன்னேன். அழுவார் அல்லது சண்டை போடுவார் என்று தயாராக நின்றேன். இரண்டும் இல்லை. மெஷினின் மூடியைத் திறந்துவிட்டு, எல்லாவற்றையும் பிரித்துப் பார்த்துக்கொள்ளுங்கள், எதையும் விடாதீர்கள் என்றார். பிறகு தள்ளி நின்று எனக்கு வழி விட்டார். 

பார்த்தேன். மீட்டர் சீல் உடையவில்லை. சென்சாரில் ஒட்டுவேலை எதுவும் இல்லை. ஒரு கிரேட் பெட்டி நிறைய பாட்டிலை நானே எண்ணி ஓட்டினேன், மெஷின் சரியாகவே எண்ணியது. நூல் இல்லை, பசை இல்லை, எறும்பு கூடப் பாட்டிலின் வாயில்தான் இருந்தது.

4. மெஷினுக்கு இந்தப் பக்கம்

மீதி இருந்தது சென்டரில் வேலை செய்த ஏழுமலை ஒருவர்தான். நாற்பது வயதிருக்கும். விழுப்புரம் பக்கத்து ஆள். சென்டர் திறந்த வாரம்தான் பெங்களூருக்கே வந்தவர். கன்னடத்தில் ஒரு சொல் தெரியாது. சாவித்ரம்மாவுக்குத் தமிழ் தெரியாது. இருவரும் கையைக் காட்டியும் தலையை ஆட்டியும் ஒரு மாதம் தள்ளியிருந்தார்கள்.

வேலை நடக்கும் முறையை ஏழுமலை எனக்கு விளக்கினார். கடைக்காரர்கள் காலிப் பாட்டில்களைச் சாக்குச் சாக்காக வாசலில் இறக்கிவிட்டு டோக்கன் வாங்கிக்கொண்டு போவார்கள். சாயந்திரம் வரை வந்துகொண்டே இருக்கும். இவர் சாக்கைப் பிரித்து ஒவ்வொரு பாட்டிலாக மெஷினில் நிற்க வைப்பார். அந்தப் பக்கம் சாவித்ரம்மா விரிசல் பார்த்து கிரேட்டில் அடுக்குவார். கிரேட் பற்றாத நாட்களில், அந்த மாதம் முழுக்கவே பற்றவில்லை, எண்ணி முடித்த பாட்டில்களைக் காலிச் சாக்கிலேயே கட்டிப் போடுவார்கள். அதை ஏழுமலை தூக்கி வந்து பின்சுவர் ஓரமாக அடுக்குவார்.

"அக்கா வாங்குற வேலைன்னா அப்படி ஒரு வேலைங்க" என்று அவர் பெருமூச்சு விட்டார். குறை சொல்கிற தொனி இல்லை, மழை அதிகம் என்று சொல்கிற மாதிரி சொன்னார். வெளிச்சம் மங்கத் தொடங்கியிருந்தது. வாசலில் கடைசிச் சாக்கும் தீர்ந்தது. நான் ஒரு கவிழ்த்த கிரேட்டின் மேல் உட்கார்ந்து, இனி எங்கே தேடுவது என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

மெஷினுக்கு அந்தப் பக்கத்திலிருந்து சாவித்ரம்மாவின் குரல் வந்தது.

"சாக்கு!"

கன்னடம் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். கன்னடத்தில் அந்தச் சொல்லுக்குப் 'போதும்' என்று அர்த்தம். சாப்பாட்டு இலையில் கையை மறித்துச் சொல்வார்கள், ஆட்டோவை நிறுத்தச் சொல்வார்கள், அழுகிற குழந்தையிடம் சொல்வார்கள். 'க்கு' மட்டும் கொஞ்சம் மெல்லியதாக இருக்கும், அவ்வளவுதான். இன்றைக்கு வேலை போதும், மீதி வந்தால் நாளைக்குப் பார்க்கலாம் என்று அந்தம்மா சொல்லியிருக்கிறார். நானும் அப்பாடா என்று எழுந்தேன்.

ஏழுமலையும் கையிலிருந்த காலிச் சாக்கை உதறிப் போட்டார். நேராகப் பின்சுவருக்குப் போனார். அடுக்கி வைத்திருந்ததிலிருந்து ஒரு சாக்கை முதுகில் ஏற்றிக்கொண்டு வந்தார். கட்டை அவிழ்த்து, எண்ணி முடித்த பாட்டில்களை ஒவ்வொன்றாக மறுபடி மெஷினில் நிறுத்த ஆரம்பித்தார்.

நான் அவர் கையிலிருந்த பாட்டிலைக் காட்டிக் கேட்டேன். "ஏழுமலை, என்ன பண்றீங்க?"

"அக்கா சாக்கு கேக்குறாங்களே."

"அது எண்ணின பாட்டில் இல்லையா?"

"ஆமாங்க. ரெண்டாந் தபா விரிசல் பாப்பாங்க போல. டெய்லி சாயங்காலம் இப்படித்தான். நமக்கு இன்னா, கேட்டா எட்தாந்து குடுக்கறது."

அந்தப் பக்கம் பாட்டில் மறுபடி வருவதைப் பார்த்த சாவித்ரம்மா, இன்னும் ஏதோ கடைச் சாக்கு வந்திருக்கிறது, இந்த மனுஷன் விடாமல் ஓட்டுகிறான் என்று நினைத்திருக்கிறார். இப்போது குரலை உயர்த்திக் கத்தினார்.

"சாக்கு! சாக்கு!"

ஏழுமலை என்னைப் பார்த்து ஒரு நியாயம் கேட்கிற முகத்தோடு சொன்னார். "பாத்தீங்களா? இப்ப ரெண்டு கேக்குறாங்க."

போய் இரண்டு கொண்டுவந்தார்.

எனக்குச் சிரிப்பு அடிவயிற்றிலிருந்து வந்தது. எழுந்தவள் மறுபடி கிரேட்டில் உட்கார்ந்துவிட்டேன். புடவைத் தலைப்பை வாயில் திணித்துக்கொண்டேன், கண்ணில் தண்ணீர் கொட்டுகிறது. பாட்டிலோடு பழகிய முப்பது வருடத்தில் எத்தனை விதமான மோசடி பார்த்திருப்பேன். மோசடி செய்கிற இருவருக்குமே அது மோசடி என்று தெரியாத ஒன்றை அன்றைக்குத்தான் பார்த்தேன். ஏழுமலை எனக்கு என்னவோ ஆகிவிட்டது என்று பயந்து தண்ணீர் கொண்டுவந்தார்.

வெளியே வந்து கார்த்திக்குக்குப் போன் போட்டேன். "சார், கண்டுபிடிச்சிட்டேன். எல்லாத்துக்கும் காரணம் சாக்கு."

"மேடம், சாக்கெல்லாம் சொல்லாதீங்க. கமிட்டிக்கு எனக்குக் காரணம் வேணும்ங்க."

"அதாங்க சார், சாக்குதான் காரணம்."

"அதைத்தான் நானும் சொல்றேன். நீங்க சொல்றது சாக்கு, காரணம் இல்லைங்க."

விளக்கத்தான் நினைத்தேன்.  இது போனில் சொல்கிற விஷயமில்லை, கேட்கிறவர் காதால் கேட்க வேண்டிய விஷயம். நாளைக்குச் சாயந்திரம் நீங்களே ஒரு தடவை வாருங்கள் சார், மெஷின் பக்கத்தில் நின்று பாருங்கள் என்று மட்டும் சொன்னேன். சாவித்ரம்மாவிடம், உங்கள் மேல் தப்பில்லை, எனக்குத் தெரிந்துவிட்டது, இன்றைக்கு நிம்மதியாகத் தூங்குங்கள், நாளைக்கு எதையும் மாற்றாமல் வழக்கம்போல ஓட்டுங்கள் என்றேன். என் சிரிப்பு இன்னும் அடங்காததைப் பார்த்து நம்பினாரோ என்னவோ, தலையை ஆட்டினார்.

5. வெள்ளைச் சட்டை

சனிக்கிழமை கார்த்திக் வந்தார். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை, கையில் லேப்டாப். மெஷினைச் சுற்றி ஒருமுறை வந்தார். சாவித்ரம்மா பயத்தில் அவருக்கு மூன்று முறை வணக்கம் சொன்னார். கடைசிச் சாக்கு பாதி தீர்ந்தபோது நான் ஏழுமலையை டீ வாங்கிவர அனுப்பினேன்.

"சார், ஏழுமலை வர்ற வரைக்கும் நீங்க கொஞ்சம் பாட்டில் வைங்களேன். மெஷின் சும்மா ஓடுது."

லேப்டாப்பை என்னிடம் கொடுத்துவிட்டு அவரே வைத்தார். இன்ஜினியர் அல்லவா, ஏழுமலையைவிட வேகமாக வைத்தார், கொஞ்சம் பெருமையாகவும் என்னைப் பார்த்தார். வாசல் சாக்கு தீர்ந்தது. அந்தப் பக்கத்திலிருந்து குரல் வந்தது.

"சாக்கு!"

கார்த்திக் இந்தப் பக்கம் பார்த்தார், அந்தப் பக்கம் பார்த்தார். வாசலில் எதுவும் இல்லை. பின்சுவர் ஓரம் சாக்குகள் இருந்தன. கூப்பிட்ட பெண்மணியைக் காக்க வைக்கக்கூடாது என்கிற மரியாதை கோயமுத்தூர்க்காரர்களுக்கு உண்டு. போனார். ஒரு சாக்கை இரண்டு கையாலும் கட்டிப்பிடித்துத் தூக்கினார். வெள்ளைச் சட்டையில் தூசி அப்பிக்கொண்டது.

"சார், எங்க தூக்கிட்டுப் போறீங்க?"

"சாக்குக் கேட்டாங்கல்லங்க."

"கேக்கல சார். போதும்னு சொன்னாங்க. கன்னடத்துல அதுக்கு அதான் அர்த்தம்."

சாக்கைக் கட்டிப்பிடித்தபடியே நின்றார். அவர் முகத்தில் கணக்கு ஒவ்வொன்றாக விழுவதைப் பார்த்தேன். முதலில் சாக்கு, அப்புறம் சுவர், அப்புறம் மெஷின், அப்புறம் ஒரு மாத ரிப்போர்ட்.

"அப்ப இப்ப நான் பண்ண இருந்தது ஃபிராடுங்களா?"

"ஆமாங்க சார். ஒரு சாக்கு ஃபிராடு."

அவர் சிரித்த சிரிப்பில் சாக்குக்குள் பாட்டில்கள் கலகலத்தன. சிரிப்புச் சத்தம் கேட்டு சாவித்ரம்மா மெஷினை நிறுத்திவிட்டு ஓடிவந்தார். அதே நேரம் ஏழுமலையும் டீ டம்ளர்களோடு உள்ளே வந்தார். நான் நடுவில் நின்று அந்தம்மாவுக்குக் கன்னடத்திலும் இவருக்குத் தமிழிலும் சொன்னேன். ஒரே சொல், உங்களுக்குப் போதும், இவருக்குக் கோணி என்றேன்.

சாவித்ரம்மா தலையில் அடித்துக்கொண்டு சிரித்தார். சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தார். ஏழுமலை சிரிக்கவில்லை. டீ டம்ளரைக் கீழே வைத்தார். அவருக்கு வேறு ஏதோ ஓடுகிறது என்று தெரிந்தது.

"அப்ப அக்கா தினமும் போதும் போதும்னா சொல்லினு இருந்தாங்க?" என்று கேட்டார். "நான் ஊருக்குப் போன் பண்ணும்போதெல்லாம் வூட்ல சொல்லுவேங்க. நல்ல அக்காதான், சோறு போடுது, ஆனா போதும்னு ஒரு வார்த்த அது வாயில வராதுன்னு."

அதை நான் சாவித்ரம்மாவிடம் சொன்னேன்.  அவர் மெதுவாகப் பதில் சொன்னார். இந்த ஆள் எவ்வளவு போதும் என்றாலும் நிறுத்தமாட்டான், வேலைப் பைத்தியம், அதனால்தான் தினமும் இரண்டு சப்பாத்தி அதிகமாகக் கொண்டுவருகிறேன் என்று தன் வீட்டில் சொல்லிக்கொண்டிருந்தாராம். ஒரு மாதமாக ஏழுமலை சாவித்ரம்மாவை இரக்கமில்லாதவர் என்றும், சாவித்ரம்மா ஏழுமலையைப் பைத்தியம் என்றும் நினைத்துக்கொண்டு, ஒருவருக்கொருவர் குறை சொல்லாமல் உழைத்திருக்கிறார்கள். இதை ஏழுமலையிடம் தமிழில் சொன்னேன். அவர் சப்பாத்தியை நினைத்தாரோ என்னவோ, அப்போதுதான் சிரித்தார்.

6. திங்கட்கிழமை

கமிட்டியில் கார்த்திக் முதலில் தன் வெள்ளைச் சட்டைக் கதையைச் சொன்னார். கன்னடம் தெரிந்தவர்கள் உடனே சிரித்தார்கள். தமிழ் மட்டும் தெரிந்த ஒருவர், சாக்குக் கேட்டால் சாக்குத்தானே கொடுப்பார்கள், இதில் என்ன சிரிப்பு என்று கேட்டார். அவருக்கு விளக்கியபோது இரண்டாம் முறை எல்லோரும் சிரித்தார்கள். சிரித்து முடித்து முடிவு செய்தார்கள். நீலசந்திராவுக்கு வாஷிங் பிளான்ட் எண்ணிய கணக்கின்படி பணம். சென்டர் தொடரும், ஜாமீனுக்குப் பங்கமில்லை. எண்ணின பாட்டிலைச் சாதாரணச் சாக்கில் கட்டக் கூடாது, கிரேட் இல்லாவிட்டால் அதற்கென்று பச்சை வலைப் பை அனுப்பப்படும். கிரேட் அனுப்பத் தாமதித்தது எங்கள் அலுவலகம்தான், அதையும் கார்த்திக் மறைக்காமல் எழுதிக்கொடுத்தார். எல்லாச் சென்டரிலும் 'ஸ்டாப்' என்று ஆங்கிலத்தில் சொல்லச் சொல்லிச் சுற்றறிக்கை விடலாம் என்று ஒருவர் சொன்னார். நான் வேண்டாம் என்றேன். சுற்றறிக்கை போனால் அதைப் படிக்கிறவர் ஒருவர், கத்துகிறவர் ஒருவர், கேட்கிறவர் ஒருவராக இருப்பார். மறுபடி ஒரு புதுக் குழப்பம் பிறக்கும்.

செய்தியை நேரில் சொல்ல நானே நீலசந்திராவுக்குப் போனேன். சாவித்ரம்மா என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார்.  பிறகு முதலில் கேட்டது பணத்தைப் பற்றி இல்லை. தமிழில் சாக்கு என்பதற்கு என்ன சொல்வீர்கள் என்று கேட்டார். சொல்லிக்கொடுத்தேன். இரண்டு மூன்று முறை தனக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டு மெஷினுக்கு அந்தப் பக்கம் போனார்.

இந்த வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் இளைஞர்களே, உங்களுக்கு இப்போது நல்ல கம்ப்யூட்டர்கள் இருக்கின்றன. ஒரு பாட்டில் எங்கே அதிகம், எங்கே குறைவு என்று நொடியில் சொல்லிவிடும். ஏன் என்று சொல்லாது. நூல் கட்டுகிறவனும் பசை ஒட்டுகிறவனும் இருக்கத்தான் இருக்கிறார்கள், விடாதீர்கள். ஆனால் கணக்கு இடித்தால், திருடன் யார் என்று கேட்பதற்கு முன்னால் போய் மெஷின் பக்கத்தில் ஒரு சாயந்திரம் உட்காருங்கள். அங்கே ஒருவர் என்ன சொல்கிறார், மற்றவர் என்ன கேட்கிறார் என்று இரண்டையும் கேளுங்கள். பல மோசடிகள் அந்த இரண்டுக்கும் நடுவிலேயே முடிந்துவிடும்.

செய்தி சொல்லப் போன அன்று சாயந்திரம் நான் ஏழுமலை பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன். வாசல் சாக்குகள் தீர்ந்தன. மெஷின் சத்தத்துக்கு மேல், மண்டியாக் கன்னடம் ஊறிய ஒரு தமிழ் கேட்டது.

"போதும் ஏழுமலை! போதும்!"

ஏழுமலை பழக்கதோஷத்தில் பின்சுவர் பக்கம் திரும்பியவர் அப்படியே நின்றார். அந்தப் பக்கம் ஒருமுறை எட்டிப் பார்த்தார். தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கையைத் துடைத்துக்கொண்டு, ஒரு மாதத்தில் முதல் தடவையாக, இருட்டுவதற்கு முன் உட்கார்ந்தார்.